பகுதியெண்

பள்ளிக்கூடத்தின் கணக்குப் புத்தகம்
என் கைப்பையில், சாப்பாட்டுப் பெட்டிக்கு அடியில் வந்துபோகிறது.
ஆமர் வீதி டைல்ஸ் கடையில் காசாளர் என்பதால்
அபிவிருத்திச் சங்கத்துக்கு என்னைப் பொருளாளராக்கினார்கள்.
முன்மொழிந்தவர் ஓர் அப்பா, பெயர் நினைவில்லை.
வழிமொழிந்தது
மண்டபத்து ஃபேன் போட்ட சத்தம்.

நாளை பொதுக்கூட்டம்.
155 முகத்துவாரத்தில் நகராமல் நிற்கிறது.
மடியில் விரித்துக் கூட்டுகிறேன்.

வலயம் அனுப்புவது
வெண்கட்டிக்கும் விளக்குமாற்றுக்கும் காணும்.
மிச்சம் நாங்கள். தலைக்கு முந்நூறு ரூபாய்.
நூற்றெண்பத்தேழு தலையில் தந்தவை தொண்ணூற்றிரண்டு.
அதில் ஒருவர் இரண்டு தடவையாய்,
மீன் மணக்கும் தாள்களில்.

களனி கங்கை வகுப்புக்குள் வந்த வருடத்துப் பக்கங்கள்
இன்னும் நெளிந்தே கிடக்கின்றன.
எட்டெல்லாம் ஊறிப் பூச்சியமாகிவிட்டது.
கணக்காய்வாளர் முகர்ந்து பார்த்துவிட்டு
'சரி' என்று எழுதிய பக்கங்கள் அவை.

'கற்றல் மேம்பாடு' என்ற தலைப்பின் கீழ்
ஒரே ஒரு செலவு:
பேனர், நாலாயிரத்து ஐந்நூறு.
கேற்றில் கட்டியிருக்கிறது, நீங்களும் பார்த்திருப்பீர்கள்.
சாதாரண தரம். அந்த வருடம் முப்பத்தெட்டு வீதம்.
இந்த வருடம் எழுபத்தொரு வீதம்!
ஆச்சரியக்குறிக்கும் சேர்த்துத்தான் காசு.

அதற்கு அடுத்த பக்கத்தில் போட்டோகொப்பி பில்கள்,
துருப்பிடித்த கிளிப்பில்.
மாதிரி வினாத்தாள், ஓகஸ்ட் வரை இருபத்தொரு பிரதி.
செப்டம்பரில் பதினான்கு.
அதன் பிறகும் பதினான்கு.

பஸ் ஒரு முறை குலுங்கியது.

பதினான்கில் பத்துப் பேர் சித்தி, எழுபத்தொன்று.
வகுத்தல் பிழையில்லை.
கீழே இருக்க வேண்டிய எண்ணைத்தான்
யாரோ மெதுவாகக் கதவுக்கு வெளியே விட்டிருக்கிறார்கள்.

அந்த ஏழில் ஒருவன் நிரோஜன்.
இப்போது எங்கள் கடையில் பெட்டி இறக்குகிறான்.
'மிஸ் பிரைவட்டா எழுதச் சொன்னாங்க அக்கா,
அதுக்குக் காசு கட்டணுமாம்.'
சொல்லிவிட்டுத் திரும்பி, வந்திருந்த வாடிக்கையாளரிடம்
'பதினாறுக்குப் பன்னிரண்டு அறை, இரண்டடி டைல், நாற்பத்தெட்டு.
உடைவுக்கு மூன்று சேர்த்து எடுங்க சேர்.'
கல்குலேட்டர் என் மேசையில்தான் கிடந்தது.

டைல்ஸ் கடையில் உடைவதற்கென்று
கூட்டித்தான் எடுப்பார்கள்.

அதிபர் கெட்டவரில்லை.
தண்ணீர் பில்லில் இரண்டு மாதம் அவருடைய கையெழுத்து,
அவருடைய சம்பளம்.
பிள்ளைகள் இருநூறுக்குக் கீழ், பெறுபேறு நாற்பதுக்குக் கீழ் என்றால்
பெரிய பள்ளியோடு இணைப்பது பற்றி ஆராயப்படும் என்ற வலயத்துக் கடிதத்தை
மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறார்,
மற்றவர்கள் குடும்பப் படம் வைக்கும் இடத்தில்.

பென்சிலால் ஓரத்தில் போட்டுப் பார்த்தேன்.
பத்தை இருபத்தொன்றால் வகுத்தால்
நாற்பத்தெட்டு, கிட்டத்தட்ட.
அதுவும் ஏற்றம்தான் மிஸ்.
அது கடிதத்துக்கும் மேலேதான்.
அதற்கும் ஒரு பேனர் கட்டியிருக்கலாம்.

கூட்டத்துக்கு இருபத்தாறு பேர் வந்தார்கள்.
கரண்ட் இல்லை.
வரவு வாசித்தேன். செலவு வாசித்தேன்.
போட்டோகொப்பி பில்களை மாதம் மாதமாக,
பிரதி எண்ணிக்கையோடு வாசித்தேன்.
பின்வரிசையில் யாரோ விசிறிக்கொண்டிருந்த கொப்பி நின்றது.
மற்றவர்கள் தேநீர் எப்போது வருமென்று பார்த்தார்கள்.

பிறகு ஒரு பிரேரணை:
'ஏழு பரீட்சார்த்திகளுக்கான கட்டணம், சங்க நிதியிலிருந்து.
இந்த டிசம்பருக்கு.'
வழிமொழிபவர்?

அன்றைக்கு ஃபேனும் ஓடவில்லை.

அதிபரின் வலது கை தோள்வரை எழும்பியது.
மூக்குக்கண்ணாடியைத் தள்ளிவிடத்தானோ என்னவோ,
அங்கேயே சிறிது நேரம் நின்றது.

செயலாளர் என்னைப் பார்த்தார்.
எழுதுங்கள், என்றேன்.
பேனையால்.