வெல்டிங் கண்ணாடி

அருவியைப் பாலாக்க
இரண்டாயிரம் ரூபாயில் ஒரு கறுப்பு வில்லை வேண்டுமாம்.
என்னிடம் இருந்தது
நாகல்நகர் பட்டறையில் முப்பது ரூபாய்க்கு வாங்கிய
வெல்டிங் கண்ணாடி.
இரண்டு ரப்பர் வளையம் போட்டு
லென்ஸின் வாயைக் கட்டினேன்.
நெருப்பைப் பார்க்கப் பழகிய கண்ணாடி.
தண்ணீரைக் காட்டினாலும்
அதற்கு எல்லாம் பச்சை.

வத்தலக்குண்டில் ஏறிய பேருந்து
வெள்ளி அருவியில் என்னை இறக்கியபோது மணி பத்தரை.
வங்கியில் காய்ச்சல் என்று சொல்லியிருந்தேன்.
சாரல் பட்டு இரண்டு தும்மல் வந்தது.
பொய் அந்த அளவுக்குக் குறைந்தது.

மேலே ஊருக்குள் ஏரி நிரம்பி
வேண்டாமென்று விட்ட தண்ணீர்.
விடுமுறைக்கு வந்தவர்கள்
மிதிபடகில் மிதிமிதியென்று மிதித்த தண்ணீர்.
பாறை விளிம்புக்கு வந்ததும்
ஒன்றும் நடக்காததுபோல் வெள்ளையாகிவிடுகிறது.
'குரங்குகளுக்கு உணவளிக்காதீர்'
பலகைமேல் உட்கார்ந்து
ஒரு குரங்கு பன் தின்கிறது.

முக்காலி, மைத்துனரின் கல்யாண ஸ்டூடியோவிலிருந்து இரவல்.
ஒரு கால் குட்டை. அதற்கு ஒரு கல்.
முப்பது விநாடி திறந்து வைத்தேன்.
மனசுக்குள் எண்ணினால்
கட்டு நோட்டு எண்ணும் விரல் முந்திக்கொண்டு ஓடுகிறது,
அதை அடக்கி, அடக்கி,
எட்டில்
காரைக்குடி வேன் வந்து நின்றது.
பதினைந்துக்குள் பதினோரு பேர் அருவிக்கு முதுகு காட்டி நின்றாயிற்று.
இருபதில் "சிரிடா" என்று ஓர் அதட்டல்.
முப்பதில்
இன்னும் யாரும் சிரித்திருக்கவில்லை.

திரையில் பார்த்தால் பதினோரு பேரும் இல்லை.
துப்பட்டா ஒன்று மட்டும்
ஆவிபோல் பாறையைத் தாண்டிப் போகிறது.
அருவி,
பாசி பிடித்த குளத்தில் அலசி உலர்த்திய வேட்டி.
நான்காய் மடித்து வைத்துவிடலாம்.

ஓரத்தில்
சோளம் சுடும் சவரிநாதன் இருக்கிறார்.
மப்ளர், தோள், தள்ளுவண்டி, அடுக்கிய கதிர்கள்,
எல்லாம் செதுக்கினாற்போல்.
வலக்கை மட்டும்
முழங்கைக்குக் கீழே இல்லை.

"கை எங்கம்மா?"
விசிறிக்கொண்டே கேட்டார்.
அசைகிற எதுவும் இதில் தங்காது என்றேன்.
கொஞ்சம் யோசித்தார்.
"காலைல ஆறு மணியிலேருந்து
எங்கிட்ட அசையறது அது ஒண்ணுதான்.
அதைப் போய் விட்டுட்டீங்களே."

ரப்பர் வளையத்தைக் கழற்றினேன்.
விநாடியில் ஆயிரத்தில் ஒன்று.
கை வந்தது,
ஐந்து விரலோடு, கரிந்த நகத்தோடு,
விசிறியாக்கிய அட்டையில்
பாதி அழிந்த புடவைக்கடைப் பெயரோடு.
ஒரு தீப்பொறிகூட, பறந்தபடி.
பின்னால் தண்ணீர்
கைநிறையக் கல்லுப்பை அள்ளி எறிந்தாற்போல்
விழாமல் நின்றது.

இரண்டு படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.
"இதுல தண்ணி செத்துப்போச்சு.
நடுவுல ஒண்ணு வராதா?"

அரைக்கால் விநாடி. கால் விநாடி.
கையும் கொஞ்சம் கலங்கி
தண்ணீரும் கொஞ்சம் கலங்கி வந்தது.
அவருக்கும் பிடிக்கவில்லை, எனக்கும்.
சோளத்துக்கு நாற்பது ரூபாய் வாங்கிக்கொண்டார்.
படத்துக்கு நான் எதுவும் வாங்கவில்லை.
கணக்கு நேராகவில்லை என்று
இருவருக்கும் தோன்றியிருக்க வேண்டும்.
எலுமிச்சையை இன்னொரு தடவை தேய்த்துக் கொடுத்தார்.

இறங்கும் பேருந்தில் ஜன்னலோரம் கிடைத்தது.
கேமரா மேல்தட்டில், முக்காலியோடு கட்டுண்டு.
ஊத்து தாண்டி ஏதோ ஒரு வளைவில்
பள்ளத்தாக்குக்கு அப்பால்
தலையாறு அருவி.
எலிவால் என்பார்கள்.
எனக்கு, சுவரில் சுண்ணாம்பு ஒழுகிக் காய்ந்த தடம்.
அவ்வளவு தொலைவில் அது விழுவதே தெரியவில்லை.
கண்ணை எடுக்காமல் இருந்தேன்.
அப்புறம்தான்
மிக மெதுவாக, யாரோ கயிற்றைத் தளர்த்துவதுபோல்
அது இறங்கத் தொடங்கியது.

போனை எடுத்தேன்.
விரலெல்லாம் எலுமிச்சையும் மிளகாய்ப்பொடியும்.
மூன்று முறை அழுத்தியும்
நான்தான் என்று அது நம்பவில்லை.

அடுத்த வளைவில் மலை மறைத்துக்கொண்டது.
சோளம் இன்னும் பாதி இருந்தது.