ஒன்பதாம் நம்பர் செருப்பு

மூக்கண்டப்பள்ளியில் வீடு பார்க்கப் போனபோது
ஓனர் மூன்று கேள்வி கேட்டார்:
எந்த ஊர், எந்தக் கம்பெனி, கூட யார்.
நான் தாழ்ப்பாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அரை அங்குலத் திருகில் தொங்கிக்கொண்டிருந்தது.
தோளால் ஒரு தள்ளு போதும்.
வாடகை நாலாயிரத்து ஐந்நூறு, அட்வான்ஸ் முப்பது,
தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்.
இதைவிடக் குறைந்த வாடகைக்குக்
கதவே கிடைக்காது ஓசூரில்.
"வீட்டுக்காரருக்கு நைட் ஷிப்டு" என்றேன்.
அந்த நொடியில்தான் அவர் பிறந்தார்.

பெயரும் வேண்டுமே. சேசுராஜ் என்றேன்.
வேம்பாரில் எட்டாம் வகுப்பில்
எனக்குக் கணக்குக் காட்டிக் கொடுத்த பையன்.
இப்போது எங்கே இருக்கிறானோ,
அவனுக்கு ஓசூரில் ஒரு குடும்பம் இருப்பது தெரியாது.

சாயங்காலமே பஸ் ஸ்டாண்ட் பக்கம்
நடைபாதையில் ஒரு ஜோடி ஆண் செருப்பு வாங்கினேன்.
"அளவு சரியா இருக்குமாம்மா?"
"பெரிசா இருந்தாப் போதும்."
ஹார்டுவேர் கடையில்
இரண்டு அங்குலத் திருகு எட்டு, புதுப் பூட்டு ஒன்று.
பழைய பூட்டுக்கு இன்னொரு சாவி
யார் யார் இடுப்பில் இருக்கிறதோ.
கம்பெனியில் ஒரு ஷிப்டுக்கு அறுநூறு திருகு முடுக்குகிறேன்.
இந்த எட்டைத்தான் பல்லைக் கடித்து முடுக்கினேன்.

சேசுராஜை வைத்துக் காப்பாற்றுவது லேசான வேலையில்லை.
செருப்பைத் தினமும் இடம் மாற்ற வேண்டும்,
ஒரே மாதிரி கிடந்தால் தூசி காட்டிக் கொடுத்துவிடும்.
ஞாயிறு தோறும் அவர் சட்டையைத் துவைத்துக்
கொடியில் தெரியும்படி போட வேண்டும்.
ஒருநாளும் யாரும் போடாத சட்டை,
காலர் நைந்துவிட்டது.

மார்கழி. ஓசூர்க் குளிர் தெரியுமல்லவா,
எலும்புக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும்.
இரவு ஒன்று பத்துக்கு
என் தாழ்ப்பாளை வெளியிலிருந்து
யாரோ அசைத்துப் பார்த்தார்கள்.
மெதுவாக. பழம் பழுத்ததா என்று அமுக்கிப் பார்ப்பதுபோல.
திருகு அசையவில்லை.
எனக்குக் குரல் வரவில்லை.
சுவரை இரண்டு தட்டு தட்டினேன்.

அடுத்த வீட்டு பூல்மணி திர்க்கி
ஜார்க்கண்டிலிருந்து வந்தவள்.
அவள் தமிழ் "அக்கா, தண்ணி"யோடு முடியும்,
என் இந்தி அதைவிட மோசம்.
சோற்றுத் தட்டைக் கரண்டியால் அடித்தபடி
வாசலுக்கு வந்து நின்றாள்.
அந்தச் சத்தத்துக்கு மொழி தேவைப்படவில்லை.
நாகவேணி வந்தாள் அரிவாள்மனையோடு,
அஞ்செட்டி ருத்ரம்மா, ரோஜாத் தோட்டத்துக்குப் போகிற அக்கா தங்கை,
ஒவ்வொரு கதவாகத் திறந்தது.

ஓனர் மச்சினன் நின்றுகொண்டிருந்தான்.
"மோட்டார் பாக்க வந்தேன்."
மோட்டார் கீழே இருக்கிறது. நாங்கள் மாடியில்.

அவன் போன பிறகுதான் கவனித்தேன்.
ஏழு வாசல்.
ஏழு வாசலிலும் பெரிய செருப்பு.
இவ்வளவு சத்தத்துக்கும்
ஒரு ஆம்பிளை வெளியே வரவில்லை.
ருத்ரம்மா என் சேசுராஜைப் பார்த்தாள்,
நான் அவளுடையதைப் பார்த்தேன், தூசி.
யாரும் எதுவும் கேட்டுக்கொள்ளவில்லை.
எனக்கு வயிற்றைக் கலக்கியது வேறு ஒன்று:
அவனும் எண்ணியிருப்பான்.

காலையில் ஓனரிடம் ஏழு பேரும் போனோம்.
"பொம்பளைங்க இத்தனை பேரா" என்றார்,
முதல்முறை பார்ப்பதுபோல.
மச்சினன் இப்போது மாடி ஏறுவதில்லை.
கீழே நின்று மேலே பார்க்கிறான்,
அதற்குத் திருகு விற்பதில்லை எந்தக் கடையிலும்.

வேலை முடிந்து வந்ததும் சுவரில் இரண்டு தட்டு.
அந்தப் பக்கமிருந்து இரண்டு.
பிறகு அவளுக்கு அந்தப் பக்கச் சுவர்,
அப்படியே கடைசி வீடு வரைக்கும்.
ஒரு சுவர் பேசாமல் இருந்தால்
யாருக்கும் சோறு இறங்காது.

போன வாரம் சேசுராஜின் இடது செருப்பை
நாய் தூக்கிக்கொண்டு போய்விட்டது.
புதுசு வாங்கவில்லை.
பூல்மணி ஒற்றைச் செருப்பைக் காட்டி
நொண்டி நொண்டி நடந்து காட்டினாள்.
சிரித்து முடித்து உள்ளே போய்
தாழ்ப்பாளை இன்னொரு முறை அசைத்துப் பார்த்தேன்.