சிறகுவலைக்காரரிடம் ஒரு கையெழுத்து

பொன்னாலைப் பாலத்தில் தை மாசத்து வாடை
மனுத்தாளைப் பிடுங்கப் பார்க்கிறது.
மூன்று மூலைகளில் கல் வைத்திருக்கிறேன்.
நாலாவதுக்கு
மருந்துக்கடைத் திறப்புக்கோர்வை.

இருநூற்றுப் பதினொரு பெயர்கள்.
அதில் முப்பது டியூசன் பிள்ளைகளுடையது,
பிரதேச செயலகத்தில் கணக்கெடுக்க மாட்டார்கள்.
ஒருவன் "பூநாரை" என்றே
கையெழுத்து வைத்திருக்கிறான்.

கபிலாஷ் தொலைநோக்கியை விட்டுக் கண்ணை எடுக்காமல்
சொல்லிக்கொண்டே போகிறான்:
ஊசிவால் வாத்து நாநூறு,
ஆலா எண்பது, கூழைக்கடா மூன்று.
உள்ளான்களை எண்ண முடியவில்லை,
எண்ணத் தொடங்கினால் சேறே எழுந்து பறக்கிறது,
ஏராளம் என்று போடுங்கோ.
ஏராளத்தை எந்த அதிகாரி நம்புவார்?
நான் ஆயிரத்து இருநூறு என்று போட்டேன்.

மேற்கே டிப்பர் கொட்டிய மண்
களப்புக்குள் நாக்குப் போல நீண்டு கிடக்கிறது.
போன வருசம் இல்லை.
இடித்த வீடுகளின் சீமெந்துத் துண்டுகள்.
ஒன்றில் நீல டிஸ்டெம்பர்.
ஒன்றில் ஆணி,
அதன்கீழ் கலண்டர் தொங்கிய வெள்ளைச் சதுரம்.
யாரோ சாய்ந்திருந்த சுவர்
யாரோ வாங்கப்போகும் காணியாகிறது.
ஹோட்டல் வருமாம்.
"பறவைகளைப் பார்த்தபடி கண்விழியுங்கள்" என்ற பலகை
ஹோட்டலுக்கு முன்னமே வந்துவிட்டது.

மரியநேசன் அண்ணை சிறகுவலையைத் தோளில் போட்டு
முழங்காலுக்கு மேல் சேற்றோடு ஏறி வருகிறார்.
சொப்பிங் பையின் அடியில் மட்டும் இறால்.
தாளை நீட்டுகிறேன்.
ஈர விரல் பட்டு
பதினெட்டாவது பெயர் கலங்குகிறது.

"சரணாலயம் எண்டு போட்டிருக்கிறியள்."
ஓம்.
"சரணாலயம் எண்டால் வர்த்தமானி."
ஓம்.
"வர்த்தமானி எண்டால் எல்லைக்கல்லு."
நான் பேசவில்லை.
"கல்லு எனக்குத் தெரியும், தங்கச்சி.
மயிலிட்டியை முழுசாக் கல்லுக்கு உள்ளுக்கு வைச்சவங்கள்.
இருபத்தேழு வருசம்.
திரும்பிப் போகேக்க கிணறு இருந்தது.
கிணத்தடியில என்ன மரம் நிண்டதெண்டு
மனிசி சொல்லித்தான் தெரிஞ்சுது."

பதில் ஒன்று என்னிடம் இருந்தது,
பட்டறையில் தந்த மடிப்புத்தாளில்,
பக்கம் நான்கு: சமூகப் பங்களிப்பு.
பையைத் திறக்கவில்லை.

அவர் வலையைப் பாலத்துக் கட்டில் விரித்தார்.
ஒரு கண்ணிக்குள் உள்ளான்,
நூல் காலைச் சுற்றி,
கோபத்தோடு, உயிரோடு.
கத்தியை எடுத்தார்.
ஐயோ என்றான் கபிலாஷ்.
வெட்டுப்பட்டது நூல்.
நாலு கண்ணி போச்சு,
பின்னேரம் இருந்து பொத்தவேணும் என்று
யாரையும் நோகாமல் சொன்னார்.
"இதுவும் இறாலுக்குத்தானே வந்தது."
தாளைத் திருப்பித் தந்தார்.
கையெழுத்து இல்லை.

அன்றிரவு கடை பூட்டியபின்
மருந்துச் சீட்டுகளின் பின்பக்கத்தில்
மனுவை மறுபடி எழுதினேன்.
சரணாலயத்தை வெட்டினேன்.
வேலியை வெட்டினேன்.
மண் கொட்டாதே என்பதை விட்டேன்,
கொட்டியதை அள்ளு என்று சேர்த்தேன்.
வலை போகும் வழியும் குருவி மேயும் சேறும் ஒன்றுதான்
என்று ஒரு வரி.
இது மனுப் பாஷையில்லை அக்கா என்றான் கபிலாஷ்,
இருந்தாலும் கிடக்கட்டும்,
அந்த ஆயிரத்து இருநூறை மட்டும் எடுங்கோ.
"எண்ண முடியவில்லை" என்று எழுதினேன்.

மாற்றிய தாளுக்குப் பழைய கையெழுத்துச் செல்லாது.
இருநூற்றுப் பதினொரு படலையும்
திரும்பத் தட்டவேண்டும்.
இன்றுவரை ஆறு.
ஆறில் மரியநேசன் அண்ணை இல்லை,
யோசிக்கிறாராம்.

ஆனால் நேற்று, சாமம் தாண்டி, போன் அடித்தது.
"டிப்பர் வருது. லைற்றை நூத்துப்போட்டு வாறான்.
நம்பரை எழுதுங்கோ."
ஒவ்வொரு இலக்கமாகச் சொன்னார்,
மூச்சைப் பிடித்து,
கபிலாஷ் பறவைகளைச் சொல்வது போல.
அவருக்குப் பின்னால், இருட்டில்,
ஏராளம்
எழுந்து பறக்கும் சத்தம்.