பதினொரு நிமிடம்

லுகோஜ் ஊரின் கல்யாணக் கூடத்தில்
காபி இயந்திரமும் என் கீபோர்டும் ஒரே பிளக்கில்.
யாரோ காபி கேட்டார்கள்.
ஃப்யூஸ் போயிற்று.

விளக்கு உடனே வந்துவிட்டது.
கிளாரினெட் வரவில்லை.
கரண்ட் இமைத்தால் ஏற்றியதையெல்லாம் மறந்துவிடும் பெட்டி இது;
பழசு, அதன் கடன் மட்டும் புதுசு.
பென் டிரைவிலிருந்து திரும்ப ஏற்ற
பதினொரு நிமிடம்.
திரையில் ஒரு கருப்புக் கோடு
வளர்கிறேன் என்று பேர் பண்ணிக்கொண்டிருந்தது.

மாப்பிள்ளையின் அப்பா கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

அப்போதுதான் அவள் வந்தாள்,
தட்டில் பாதி தின்ற முட்டைக்கோஸ் உருண்டையோடு.
"அந்தக் கிளாரினெட் யாருடையது?"
"காசு கொடுத்து வாங்கியது" என்றேன்.
(பாதிக் காசு. மீதி, நண்பனின் காப்பி.)
"என்னுடையது" என்றாள்.

பெயர் ஸ்மராண்டா.
டிமிஷோராவில் ஒரு நிலவறை, பிப்ரவரி.
இரைகிறது என்று ஹீட்டரை அணைத்துவிட்டார்கள்.
ஒரு சுரத்துக்கு நாலு தடவை:
மெல்ல, கொஞ்சம் பலமாக, பலமாக, காது கிழிய.
"ரெண்டு நாள். ஒரு பாட்டுகூட இல்லை.
முட்டை எண்ணிக் கொடுப்பதுபோல் கொடுத்தேன்.
மணிக்கணக்கில் கூலி."

எப்படிச் சொல்வது?
என் பெட்டியில் இடம் போதாது.
நாலு தடவையில் மூன்றை அழித்தேன்.
மிஞ்சியதிலும் நாலு கட்டைக்கு ஒரு சுரம்;
இடையில் இருப்பதெல்லாம் அதை இழுத்ததும் சுருக்கியதும்.
மேலே போகப் போக மூச்சு குறுகிச் சிறுமியாவாள்,
கீழே இறங்கினால் மாடிப்படி ஏறிய கிழவி.
அவள் வயதில் அவள் இருப்பது
நாலில் ஒரு கட்டையில்தான்.

சொல்லிவிட்டேன்.
அவள் கோபித்துக்கொள்ளவில்லை.
"மி பெமோலில் என் வயிறு உறுமியது.
அது இருக்கிறதா?"

கோடு முடிந்தது.
நல்லவேளை, நான் விட்டுவைத்தவற்றில் அது ஒன்று.
அந்தக் கருப்புக் கட்டையைக் காட்டினேன்.
கொழுப்பு ஒட்டிய ஒற்றை விரலால் அழுத்தினாள்.

ஆட்டம் தொடங்குகிறதென்று
கூடமே எழுந்து கைகோத்து நின்றது.
ஒரே சுரம்.
விரலை அவள் எடுக்கவில்லை,
சுரம் ஓயவில்லை.
அரை நொடி மூச்சு, தன் வாலைத் தானே பிடித்துச் சுற்றும்படி
நான்தான் அதை வெட்டி ஒட்டியிருந்தேன்.
அவள் முகம் சிவந்துகொண்டே வந்தது.
பிறகுதான் புரிந்தது:
அவளும் மூச்சு விடாமல்
அதோடு நின்றுகொண்டிருந்தாள்.

கடைசியில் விரலை எடுத்து,
"வெட்டிட்டாங்க" என்றாள், இரைக்க இரைக்க.
தட்டோடு போய்விட்டாள்.

விடியும்வரை
அந்த ஒரு கட்டை
என் விரலுக்கு வழுக்கிக்கொண்டேயிருந்தது.