பிழை வட்டம்

செவ்வாப்பேட்டை, காலை பத்தேகால்.
சிவதாபுரம் அங்கமுத்து கொலுசை நீட்டுகிறார்.
பெட்டிக்குள் வைத்து மூடிப் பொத்தானை அழுத்துகிறேன்.
எக்ஸ் கதிர் போய்த் தட்டுகிறது.
வெள்ளி தன் குரலில் ஆஜர் சொல்கிறது,
செம்பு தன் குரலில்.
பற்றவைப்பில் ஒளிந்திருந்த துத்தநாகமும்
மாட்டிக்கொண்டு முனகுகிறது.
அறுபத்திரண்டு டச்.
"அறுபத்தஞ்சுன்னு போடு தாயி."
மெஷினுக்குக் காது கிடையாது அண்ணே.
சீட்டில் அறுபத்திரண்டு.

ராத்திரியும் இதே வேலைதான்,
கொலுசு மட்டும் கைக்கெட்டாது.

அஸ்தம்பட்டி மாடியறை, விசிறி சத்தம் போடும் லேப்டாப்.
பால்வீதியில் ஒரு துண்டு.
விண்கலம் எக்ஸ் கதிரில் பார்த்துக்
குறித்துவைத்த புள்ளிகள் எண்ணூற்றுச் சொச்சம்.
ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு வட்டம்:
இதற்குள் எங்கோ இருக்கிறேன்,
அதற்குமேல் கேட்காதே.
பிழை வட்டம் என்று பெயர்.
பிழை விண்மீனுடையதில்லை, பார்த்த கண்ணுடையது.

பாதிக்குமேல் நான் தேடும் ஆளில்லை.
பக்கத்தில் பொரிந்துகொண்டிருக்கும் பொடிசு,
எங்கோ பின்னால் வேறொரு திரளின் அடிவயிறு.
நான் தேடுவது
சூரியனைப்போல் முப்பது நாற்பது மடங்கு கனம்.
தன்னையே காற்றாக வீசித் தீர்த்துக்கொள்ளும்,
நொடிக்கு இரண்டாயிரம் கிலோமீட்டர்.
அப்படி இரண்டு ஜோடி சேர்ந்துவிட்டால்
காற்றும் காற்றும் நடுவழியில் முட்டி,
முட்டிய இடம் கோடி டிகிரியில் கொதித்து
எக்ஸ் கதிராய்க் கத்தும்.

இடையில் தூசி. சாதாரண வெளிச்சம் தாண்டாது.
அகச்சிவப்பு வந்துவிடும்,
கொண்டையூசி வளைவு மொத்தமும் பனி மூடியிருக்கையில்
பஸ்ஸுக்கு முன்னால்
பஸ்ஸின் உறுமல் வருகிற மாதிரி.

முந்நூற்றுப் பதினேழாம் புள்ளி.
வட்டத்துக்குள் இரண்டு பேர்.
ஒட்டி உட்கார்ந்திருக்கிறார்கள்,
வெளிச்சமும் ஏறத்தாழ ஒன்று.
யாருடைய கத்தல்?

செவ்வாய்க்கிழமை, எலுமிச்சைச் சாதத்தில் கை இருக்கும்போது
நிறமாலை வந்தது.
கழுவாத கையோடு திறந்தேன்.
ஹீலியம் இருக்கவேண்டிய இடத்தில்
ஒல்லிக்கோடு இல்லை. அகலமாய், சரிந்து,
யானை படுத்திருக்கிறது.
காற்றுதான். அசுரக் காற்று.
கல்லாவிலிருந்த சேட் தலை தூக்கிப் பார்க்கும்படி
ஏதோ சத்தம் போட்டிருக்கிறேன்.

கீழே ஒரு வரி:
இன்னொன்றை எடுப்பதற்குள் மேகம்.

கனத்த விண்மீன் என்று எழுதக் கை துறுதுறுத்தது.
யானை படுத்தது இவளிடம்தான்,
ஆனால் கத்தியதும் இவள்தான் என்று
பக்கத்துக்காரியைக் கேட்காமல் எப்படி?
அறுபத்தஞ்சுன்னு போடு தாயி.
"வாய்ப்பு அதிகம்" என்று மட்டும் அட்டவணையில் ஏற்றினேன்.

அன்றிரவு பெலிசிட்டா கூப்பிட்டாள்.
என்னோடு எம்.எஸ்சி. படித்தவள்,
ஏற்காட்டு எஸ்டேட்டில் காப்பிக் கணக்கு பார்க்கிறாள்.
லேடீஸ் சீட்டில் நிற்கிறாளாம், பனி விலகிவிட்டதாம்,
சேலம் முழுசும் கொட்டிக்கிடக்கிறதாம்.
"இதுல நீ எதுடி?"

மாடி விளக்கை அணைத்தேன், போட்டேன்.
அணைத்தேன், போட்டேன்.
"தெரியுதா?"
மலை கொஞ்ச நேரம் பேசவில்லை.
"ரெண்டு பக்கத்துபக்கத்துல இருக்கு.
எது சிமிட்டுச்சுன்னு சரியாத் தெரியல.
இன்னொரு தடவை போடு."