நூல் கட்டாத காய்

எழுமலைக்கு அந்தப் பக்கம்
விதைக் கம்பெனிக்கு விட்ட பாகல் பந்தல்.
ஐந்தே காலுக்கு வேன் இறக்கிவிடும்.
மேற்கே மலை முதலில் சிவக்கும்,
அதற்கப்புறம்தான் எங்களுக்கு வெளிச்சம்.
பந்தலுக்கு அடியில் குனியாமல் நடப்பவள் நான் ஒருத்தி.
குட்டை.
அதனால் எனக்கு மட்டும் ஒரு வரிசை கூடுதல்,
கூலி அதே.

பாகலில் கொடிக்கு ஆண் பெண் கிடையாது.
ஒரே கொடியில் இரண்டும் பூக்கும்.
ஆனால் சூப்பர்வைசர் தவராசு
கிழக்கே பன்னிரண்டு வரிசைக்குப் பெண் என்றும்
மேற்கே மூன்று வரிசைக்கு ஆண் என்றும்
தகரத்தில் எழுதி நட்டிருக்கிறார்.
பெண் வரிசையில் ஓர் ஆண் மொட்டும் விரியக்கூடாது.

அடையாளம் எளிது.
வெறும் காம்பு நீண்டு, மெலிந்து, ஆடிக்கொண்டிருப்பது ஆண்.
விரியும் முன்பே
முள்ளும் சுருக்கமுமாய் ஒரு முழுப் பாகலை
நெல்லளவுக்கு
இடுப்பில் ஏந்தி நிற்பது பெண்.
அதைக் கிள்ளு.
இதற்கு உறை மாட்டு.
சாயங்காலம் முழுக்க இதே.

முதல் வாரம் விருமாயி கிள்ளிக்கொண்டே சொன்னாள்:
"நம்ம பக்கத்துல ஆம்பளையக் கிள்ளிப் போட்டுட்டு
பொட்டையப் பொத்தி வைக்கிறது
இந்த ஒரு காட்டுலதான்டி."
யாரும் சிரிக்கவில்லை.
ஒச்சம்மாள் கூடையைத் தூக்கிக்கொண்டு
அடுத்த வரிசைக்குப் போனாள்.
அவள் வீட்டில் அவள் நாலாவது.
மூத்தவர்கள் யாரையும் நான் பார்த்ததில்லை.

காலையில் ஆண் வரிசையில் பறித்து வருவோம்.
இதழை உரித்தால் நடுவில் மஞ்சள் பொடி.
உறையை நீக்கி,
பெண்ணின் பச்சை நாக்கில் மெல்லத் தடவி,
மறுபடி மூடி, காம்பில் சிவப்பு நூல்.
மூன்று முடிச்செல்லாம் வேண்டாம்,
ஒன்று போதும் என்கிறார் தவராசு.
ஒரு நாளைக்கு முன்னூறு.
பத்து மணி தாண்டினால் பொடி செத்துப்போகும்.
மதியம் சோற்றைப் பிசைந்தால்
முதல் வாய் கசக்கும்,
ரசமோ மோரோ, எதுவானாலும்.

நூல் இல்லாமல் தொங்குவது களவுக்காய்.
கொசுத்தேனீ எங்கிருந்தோ கொண்டுவந்தது.
எவன் வீட்டுப் பொடி என்று தெரியாது.
கண்டதும் அறுத்து வரப்பில் எறியணும்.
ஆய்வுக்கு வருகிறவர் பார்த்துவிட்டால்
வரிசைக்கே கூலி பிடித்தம்.
நானே நாற்பது ஐம்பது எறிந்திருப்பேன்.
வெயிலில் ஒரு நாள் கிடக்கும்,
அப்புறம் ஆடு.

நேற்று பதினோராம் வரிசையில்,
கடைசிக் கல்லுக்காலுக்குப் பின்னால்,
இரண்டு இலைக்கு நடுவில் ஒன்று.
சாண் நீளம்.
இத்தனை நாள், இத்தனை கையைத் தாண்டி!
குனிகிறவர்களுக்குத் தெரியாத உயரத்தில்
என் நெற்றியில் வந்து இடித்தது.
காம்பில் கை வைத்தேன்.
சொரசொரவென்று, வெயில் படாமல் குளிர்ந்து,
கனமாக இருந்தது.

மடியில் ஒரு முழம் நூல் மிச்சம்.
கட்டிவிட்டேன்.
பழுக்கும், வெடிக்கும்,
சிவந்த சதையில் இருந்து விதை எடுப்பார்கள்.
எந்த ஊரிலோ யாரோ பொட்டலத்தைப் பிரித்து நட்டு,
மேலே அச்சடித்த படத்தில் இருக்கிற மாதிரி இல்லாமல்
ஒரு கொடி ஏறுவதைப் பார்த்து
கம்பெனியைத் திட்டட்டும்.

திரும்பினால் ஒச்சம்மாள் நிற்கிறாள்.
எவ்வளவு நேரமாக என்று தெரியாது.
காயைப் பார்த்தாள்,
பக்கத்துக் காய்களின் வெளிறிய நூல்களைப் பார்த்தாள்.
"புதுசு பளிச்சுன்னு தெரியுது" என்றாள்.
வாய்க்காலில் ஒரு விரல் சேறு எடுத்து
முடிச்சின் மேல் தேய்த்தாள்,
நிறம் போகும்வரை.
வேன் ஹாரன் அடித்தது.
கையைக் கழுவாமலே ஏறினாள்.