பூஜ்ஜியம் புள்ளி மூன்று

லிக்கிங் ஆற்றங்கரையில் என் வேலை வெட்டுவது.
செடியின் உச்சியிலிருந்து ஒரு சாண்,
பூவும் இலையும் ஒட்டியபடி,
பழுப்புக் காகிதப் பையில்.
பிளாஸ்டிக் ஆகாது, புழுங்கிவிடும்.
பைமேல் தேதி, வயல் எண், என் கையெழுத்து.
கென்டக்கி மாநிலம் எனக்குச் சம்பளம் தருவது
இதற்குத்தான்.

ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் இரண்டு பேர்.
மூத்தவன் ஊரை மயக்கித் திரிந்தான்.
இளையவன் கயிறானான், சாக்கானான்,
கப்பலுக்குப் பாயானான்.
முகச்சாடை ஒன்று என்பதால்
அண்ணன் செய்ததற்குத் தம்பியும்
எண்பது வருஷம் உள்ளே கிடந்தான்.
இப்போது ஜாமீனில் வந்திருக்கிறான்.
நூற்றில் பூஜ்ஜியம் புள்ளி மூன்றைத் தாண்டாதவரை
நார்க்கஞ்சா.
தாண்டினால் வெறும் கஞ்சா.

டென்வில் கௌடில் பதினொரு ஏக்கர் போட்டிருந்தார்.
முன்பு அதே மண்ணில் புகையிலை,
அதற்கும் முன்பு அவர் அப்பனின் புகையிலை.
விதை விற்றவன் சொன்னானாம், பூவில்தான் காசு,
எண்ணெய் வடிப்பார்கள், சோப்பில் போடுவார்கள்,
நாய்க்குக்கூட வாங்குவார்கள்.
ஆகஸ்ட் முழுக்க மழை இல்லை.
காய்ச்சலில் செடிக்குக் காரம் ஏறிவிட்டது.
ஆய்வகத்திலிருந்து தாள் வந்தது:
பூஜ்ஜியம் புள்ளி நான்கு ஒன்று.

நான்தான் போய்ச் சொன்னேன்.
“எவ்வளவு கூடிப்போச்சு?”
“ஆயிரம் கிலோவுக்கு ஒரு கிலோ சொச்சம்.”
“ஆயிரத்துக்கு ஒன்றா? எங்கள் சர்ச்சில்
அதைவிடக் கூட இருக்குமே,” என்றாள்
அவர் மனைவி ரோவீனா, சிரிக்காமல்.

விதி இரண்டு வழி விட்டிருந்தது.
மொத்தத்தையும் உழுது புதை.
அல்லது பூவை மட்டும் அழி, தண்டை வைத்துக்கொள்.
தண்டை யார் கேட்டார்கள்?
அக்டோபரில் பூவை எரித்தார்கள், நான் சாட்சி.
காற்று என் பக்கம் அடித்தது.
மயக்கமெல்லாம் வரவில்லை.
கண் எரிந்தது, அவ்வளவுதான்.

புகையிலை தொங்கிய கொட்டகையில்
தண்டுகள் தொங்கின.
பக்கத்து ஆலை வசந்தத்திலேயே மூடி
எந்திரங்கள் ஏலத்தில் போயிருந்தன.
ரோவீனாதான் ஒன்றை உடைத்துப் பார்த்தாள்.
வெளியே நார். உள்ளே வெள்ளைச் சக்கை,
நெட்டி மாதிரி, கையில் கனமே இல்லை.
சுண்ணாம்பில் பிசைந்து
பலகைகளுக்கிடையில் கொட்டி மிதித்தால்
சுவராகும் என்று எங்கோ கேட்டிருந்தாள்.

சோளம் நொறுக்கும் பழைய எந்திரத்தில் போட்டார்கள்.
நார் சுற்றி நாலு முறை நின்றது.
பெல்ட் இரண்டு அறுந்தது.
டென்வில் சொன்ன வசவுகளை இங்கே எழுத முடியாது.
முதல் சுவர் ஈரம் மிஞ்சிச் சரிந்தது.
இரண்டாவது, கோழிக்கூடு.

ஜனவரியில் ஆறு உறைந்தது.
கூட்டுக்குள் தண்ணீர்த் தட்டு உறையவில்லை.
அதைப் பார்க்கத்தான் வந்தான் அக்கரை எல்ரிட்ஜ்.
இரண்டு வண்டித் தண்டு வேண்டும்,
காசில்லை, சுண்ணாம்பு இருக்கிறது என்றான்.
பிறகு அவன் மச்சினி.
பிறகு, தீயில் வீட்டைப் பறிகொடுத்த ஒரு குடும்பம்;
அவர்கள் எதுவும் பேசாமல்
வெல்டிங் சுடரைச் சுவரில் பிடித்தபடி நின்றார்கள்,
வெகுநேரம்.
கருத்தது. பற்றவில்லை.

வங்கிக் கடன் நிற்கிறது.
சுவரும் நிற்கிறது.
எது முதலில் விழும் என்று
டென்வில் பந்தயத்துக்குக் கூப்பிடுகிறார்,
எதிர்த்துக் கட்ட ஆளில்லை.

இந்த வருஷம் நார் விதை மட்டும்,
களை தலைநீட்ட இடமில்லாத நெருக்கத்தில்.
உச்சி எட்டாமல் ஏணி கேட்டேன்.

படிவத்தில் ஒரு கட்டம்: விளைபொருளின் இறுதிப் பயன்.
எண்ணெய், விதை, நார், மற்றவை.
மற்றவையில் ‘கோழி’ என்று எழுதினேன்.
அலுவலகம் சிவப்பு மையில் சுழித்துத் திருப்பியது.

திருத்தி எழுத உட்கார்ந்திருக்கிறேன்,
அந்தக் கூட்டுச் சுவரில் முதுகைச் சாய்த்து.
வெயில் இறங்கி ஒரு மணி நேரமாகிறது.
சுவரில் இன்னும் சூடு இருக்கிறது.